ஒரு நாற்காலியும் முப்பது ஆண்டுகளும்



இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் இதே கல்லூரியில் வணிகவியல் கற்பித்தவர், தமது ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்க வழி செய்தவர் என்று முதல்வர் சொன்னார். வணிகவியல் ஆசிரியர் நினைவாக நடக்கும் கூட்டத்தில் கொஞ்சம் கணக்கும் சட்டமும் பேசினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அழைப்பிதழில் ‘பெண் தலைமை’ என்று போட்டிருக்கிறீர்கள். நான் எந்த நிறுவனத்துக்கும் தலைமை வகித்தவள் அல்ல. கம்பெனி செயலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இயக்குநர் குழு கூடும்போது மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவது என் வேலை. ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சில விஷயங்கள் நன்றாகத் தெரியும். யார் காகிதங்களைப் படித்துவிட்டு வந்திருக்கிறார், யார் உறையைப் பிரிக்காமலே வந்திருக்கிறார், யார் பேசினால் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார் என்பதெல்லாம் அங்கிருந்து தெரியும்.

2015 மார்ச் மாதத்தை எங்கள் தொழிலில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 149-ஆவது பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்றது. பட்டியலிடப்படாத பொது நிறுவனங்களிலும், செலுத்தப்பட்ட மூலதனம் 100 கோடி ரூபாயோ விற்றுமுதல் 300 கோடியோ எட்டியவற்றுக்கு இது பொருந்தும். பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி முதலில் 2014 அக்டோபர் 1 என்று கெடு வைத்தது, பிறகு 2015 ஏப்ரல் 1-க்குத் தள்ளியது. அதற்குள் ஆள் போடாதவர்களுக்கு அபராதம் வந்தது. ஜூன் முடிவதற்குள் போட்டால் 50,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் நாளுக்கு ஆயிரம், பிறகு நாளுக்கு ஐயாயிரம் என்று ஏறிக்கொண்டே போகும்.

கோடிக்கணக்கில் வியாபாரம் செய்பவர்களுக்கு இது ஒரு தொகையே இல்லை. ஆனால் அபராதம் கட்டிய செய்தி பங்குச் சந்தைக்குப் போகும், பத்திரிகையில் வரும். அந்தக் கூச்சம்தான் வேலை செய்தது. மார்ச் கடைசி வாரத்தில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வி: “மேடம், யாராவது லேடி டைரக்டர் தெரியுமா?” சட்டம் ‘பெண்’ என்றுதான் சொல்லியிருந்தது, குடும்பத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே மனைவி வந்தார், மகள் வந்தார், அண்ணி வந்தார். இயக்குநர் அடையாள எண்ணுக்கு விண்ணப்பம் போட்டதையும் இயக்குநராக நியமனம் ஆனதையும் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இதைச் சொல்லி அந்தச் சட்டத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. அப்பா இறந்தால் மறுநாளே மகன் இயக்குநராவது இங்கே வழக்கம். அவனுடைய தகுதி என்ன என்று யாரும் கேட்டதில்லை. வங்கியாளர் உதய் கோட்டக் தலைமையிலான குழு 2017-இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு செபி அந்தக் குடும்ப ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தது. சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களில் 2019 ஏப்ரல் முதல், முதல் ஆயிரத்தில் 2020 ஏப்ரல் முதல், ஒரு பெண்ணாவது சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்றாயிற்று.

அப்படி வந்தவர்களில் ஒருவர், வருமான வரித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நான் செயலராக இருந்த குழு ஒன்றில் சேர்ந்தார். முதல் மூன்று கூட்டங்களில் அதிகம் பேசவில்லை. வழக்கம்போல அவரைச் சமூகப் பொறுப்புக் குழுவில் போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கும் குழு என்று அதற்கு எங்களிடையே பெயர். தணிக்கைக் குழுவில் போட யாருக்கும் தோன்றவில்லை. நான்காவது கூட்டத்தில் குடும்பத்தின் இன்னொரு நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும் தீர்மானம் வந்தது. தலைவர், “ஒருமனதாக நிறைவேறியது என்று போட்டுக்கொள்ளலாம்” என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்து, “எனக்கு உடன்பாடில்லை. என் பெயரைப் போட்டு எழுதுங்கள்” என்றார். சட்டத்தின் 118-ஆவது பிரிவுப்படி, ஒரு தீர்மானத்துக்கு உடன்படாத இயக்குநரின் பெயரை மினிட்ஸில் எழுதியே ஆக வேண்டும். தலைவருக்கு அது தெரியும். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது, அப்போது மதிப்பீட்டு அறிக்கையும் அடமான விவரமும் சேர்ந்து வந்தன. அடுத்த ஆண்டு அவரைத் தணிக்கைக் குழுவுக்கு மாற்றினார்கள்.

ஆகவே நாற்காலிச் சட்டம் வேண்டும். ஆனால் அது எவ்வளவு தூரம் செய்யும் என்பது வேறு கேள்வி. இதற்கு நார்வேயைப் பார்க்கலாம், இயக்குநர் குழுவில் 40 சதவீத ஒதுக்கீட்டை உலகத்தில் முதலில் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 2002-இல் அந்த நாட்டின் வணிக அமைச்சர் அன்ஸ்கார் காப்ரியல்சன் இந்தத் திட்டத்தை ஒரு செய்தித்தாளிடம் போட்டு உடைத்தார். அவர் இடதுசாரி அல்ல, பழமைவாதக் கட்சிக்காரர். அப்போது பொதுப் பங்கு நிறுவனங்களின் குழுக்களில் பெண்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இருந்தார்கள். 40 சதவீதம் ஆக வேண்டும் என்று 2003-இல் சட்டம் நிறைவேறியது. முதலில் தாமாகச் செய்ய அவகாசம் தந்தார்கள், நிறுவனங்கள் செய்யவில்லை. 2006-இல் கட்டாயமாக்கி இரண்டு ஆண்டு கெடு வைத்தார்கள். தவறினால் அபராதம் இல்லை, நிறுவனத்தையே கலைத்துவிடலாம். 2008-இல் 40 சதவீதம் வந்துவிட்டது. சில நிறுவனங்கள் சட்டம் தொடாத வேறு வகை நிறுவனமாகத் தங்களை மாற்றிக்கொண்டு தப்பித்தன என்பதையும் சொல்ல வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் முதலாளி முதலாளிதான்.

பிறகு மரியான் பெர்ட்ராண்ட் முதலிய நான்கு பொருளாதார அறிஞர்கள் அங்கே நடந்ததை அளந்து பார்த்தார்கள். குழுவுக்கு வந்த பெண்கள் தகுதியில் குறைந்தவர்கள் அல்ல என்று கண்டார்கள். ஆனால் அதே நிறுவனங்களின் கீழ் அடுக்குகளில் வேலை செய்த மற்றப் பெண்களின் சம்பளத்திலோ பதவியிலோ பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. மேலே ஊற்றியது கீழே இறங்கவில்லை. இயக்குநர் நாற்காலியை ஒரே நாளில் சட்டத்தால் நிரப்பலாம். நிர்வாக இயக்குநர் நாற்காலிக்கு உரியவரை உருவாக்க முப்பது ஆண்டுகள் ஆகின்றன, அந்த முப்பது ஆண்டுகள் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாத இடத்தில் கழிகின்றன.

நம் நாட்டில் அந்த முப்பது ஆண்டுகள் ஒரு முறை சரியாக நடந்தன. 2013 கடைசியில் ஸ்டேட் வங்கிக்கு அருந்ததி பட்டாச்சார்யா, பாங்க் ஆஃப் இந்தியாவுக்கு விஜயலட்சுமி ஐயர், அலகாபாத் வங்கிக்கு சுபலட்சுமி பான்சே, ஐசிஐசிஐக்கு சந்தா கோச்சர், ஆக்சிஸ் வங்கிக்கு ஷிகா சர்மா என்று பெரிய வங்கிகள் பலவற்றுக்குப் பெண்கள் தலைமை வகித்தார்கள். அதற்கும் முன்பே, 2000-இல், நம் சென்னை ராஜாஜி சாலையில் நட்டத்தில் மூழ்கிக் கிடந்த இந்தியன் வங்கிக்கு ரஞ்சனா குமார் தலைவராக வந்தார். பொதுத்துறை வங்கி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். 1995-96-இல் மட்டும் ஆயிரத்து முந்நூறு கோடிக்கு மேல் நட்டம் காட்டிய வங்கி அது. அவர் காலத்தில் லாபத்துக்குத் திரும்பியது.

இவர்களில் பொதுத்துறை வங்கிகளில் வளர்ந்தவர்களை யாரும் ‘பெண்களுக்கு வாய்ப்பு’ என்ற திட்டத்தில் தேர்ந்தெடுக்கவில்லை. 1969-இல் வங்கிகள் நாட்டுடைமை ஆன பின் கிளைகள் பெருகின, எழுத்துத் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். விடைத்தாளில் தேர்வு எண்தான் இருந்தது. அருந்ததி பட்டாச்சார்யா 1977-இல் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தார், 36 ஆண்டு கழித்துத் தலைவரானார். அதே காலத்தில் தனியார் துறை எப்படி இருந்தது என்பதற்கு 1974-இல் டாட்டா குழுமத்தின் டெல்கோ கொடுத்த வேலை விளம்பரம் சாட்சி. பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அச்சிட்டே போட்டார்கள். சுதா குல்கர்னி என்ற மாணவி ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார், நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. பின்னாளில் சுதா மூர்த்தியான அவருடைய கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் ஓர் அஞ்சலட்டையால் ஒருவருக்கு வேலை கிடைத்தது. தேர்வுத்தாள் பல்லாயிரம் பேருக்குக் கதவைத் திறந்தது. நாம் அஞ்சலட்டைக் கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

அந்த வங்கித் தலைவர்களில் ஒருவர் பின்னர் சர்ச்சையில் சிக்கிப் பதவி விலகியபோது, “பார்த்தீர்களா, பெண்கள்…” என்று ஆரம்பித்தவர்கள் பலர். வழக்கில் மாட்டிய ஆண் வங்கியாளர்கள் பட்டியல் நீளமானது. அதை வைத்து ஆண்களைப் பற்றி யாரும் பொது முடிவுக்கு வந்ததாக நினைவில்லை.

பெண் தலைவர்களின் அந்த அலை ஏன் மறுபடி அதே உயரத்துக்கு எழவில்லை? 2018-இல் இந்தியன் வங்கிக்குப் பத்மஜா சுந்துரு, 2022-இல் யூனியன் வங்கிக்கு ஏ. மணிமேகலை என்று ஓரிருவர் வந்தார்கள், அவ்வளவுதான். இத்தனைக்கும் எழுபதுகளுக்குப் பிறகும் வங்கிகளில் பெண்கள் சேர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். இங்கே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்ற ஓர் அத்தையோ சித்தியோ அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். கணக்கில் புலி, மேலாளருக்கே வேலை கற்றுக்கொடுப்பவர். ஆனால் “புரமோஷன் வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்திருப்பார். ஏனென்றால் புரமோஷன் என்றால் டிரான்ஸ்பர். கும்பகோணத்தில் குடும்பம், கோரக்பூரில் கிளை. ஆணுக்கும் அதே உத்தரவுதான், அதனால் விதி எல்லோருக்கும் பொது என்பார்கள். ஆனால் ஆண் போகும்போது குழந்தையின் பத்தாம் வகுப்பையும் மாமியாரின் சர்க்கரை மாத்திரையையும் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவர் இருக்கிறார். அத்தை போனால் யார் இருக்கிறார்கள்?

இதைப் ‘பெண்களுக்கு லட்சியம் போதாது’ என்று விளக்குகிற பயிற்சி வகுப்புகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். தன்னம்பிக்கையோடு கைகுலுக்குவது எப்படி, கூட்டத்தில் குரலை உயர்த்தாமல் அழுத்தமாகப் பேசுவது எப்படி என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். மார்ச் 8 வந்தால் ஆளுக்கொரு ரோஜாப்பூ, ரங்கோலிப் போட்டி, ஒரு டாக்டரம்மாவின் உரை. டிரான்ஸ்பர் விதியை எடுத்து மேசையில் வைத்து, வெளியூர் அனுபவம் எந்தப் பதவிக்கு உண்மையிலேயே தேவை, எதற்கு வெறும் வழக்கம் என்று பிரித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. 2014-இல் மத்திய நிதி அமைச்சகம், பெண் ஊழியர்களைக் கணவரோ பெற்றோரோ இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் போடப் பார்க்குமாறு பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியது. தமிழ்நாட்டில் 2024 ஆகஸ்டில் முதல்வர் ஓர் அறிவிப்புச் செய்தார்: மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்கு மூன்று ஆண்டுகள், பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் ஊரிலேயே பணி. காவல் துறைக்கு முடிவது கம்பெனிக்கு முடியாதா? ஸ்டேட் வங்கியில் அருந்ததி பட்டாச்சார்யா குழந்தை வளர்ப்புக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பெண்கள் இரண்டு ஆண்டு வரை விடுப்பில் போய்த் திரும்பலாம் என்று ஏற்பாடு செய்தார். ஒரு கட்டத்தில் தாமே வேலையை விட்டுவிட நினைத்ததாகச் சொன்னவர் அவர். அந்த நிலை தெரிந்தவர் மேலே இருந்ததால் வந்த விதி அது.

தனியார் நிறுவனங்களில் இதற்கு வேறு முகம். நிர்வாக இயக்குநர் ஆக வேண்டுமென்றால் லாப நட்டப் பொறுப்புள்ள பதவியில் இருந்திருக்க வேண்டும். ஒரு தொழிற்சாலை, ஒரு விற்பனை மண்டலம், ஏதாவது ஒன்று. திறமையான பெண்களை மனிதவளத்துக்கும் சட்டத்துக்கும் மக்கள் தொடர்புக்கும் அனுப்புவார்கள். நல்ல சம்பளம், நல்ல அறை, மேலே போக வழி இல்லை. என் பதவியும் அப்படித்தான்.

அடுத்து மகப்பேறு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றானது. நல்ல சட்டம் என்று எல்லோரும் கைதட்டினோம். பணம் யார் கொடுப்பது என்பதை மட்டும் கவனிக்கவில்லை. முழுச் சம்பளத்தையும் அந்த ஒரு முதலாளியே தர வேண்டும். மாதம் 80,000 ரூபாய் வாங்கும் பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு நாலு லட்சத்து எண்பதாயிரம், அவர் இடத்தில் தற்காலிகமாக வருபவருக்குத் தனிச் சம்பளம். இருபத்தெட்டு வயதுப் பெண் நேர்காணலுக்கு வந்தால் எதிரே இருப்பவர் மனதில் இந்தக் கணக்கு ஓடும். வாய்விட்டுக் கேட்பது இல்லை. “வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?” என்று அன்பாக விசாரிப்பார்கள்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறார்கள். அவர்களுக்கும் 26 வாரம்தான், ஆனால் பணத்தை இஎஸ்ஐ நிறுவனம் தருகிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், முதலாளி ஊதியத்தில் 3.25 சதவீதம் அந்தப் பொது நிதிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே ஒரு பெண் கருவுற்றால் முதலாளிக்குச் சம்பளக் கணக்கில் கூடுதல் செலவு இல்லை. 21,000-க்கு மேலே போன உடனே இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகிறது. அதாவது எந்த அடுக்கிலிருந்து மேலாளர்கள் உருவாக வேண்டுமோ, அந்த அடுக்கில் மட்டும் பெண்ணை வேலைக்கு எடுப்பது ஆணை எடுப்பதைவிட விலை கூடியதாகிவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-இல் கொண்டுவந்த 183-ஆவது உடன்படிக்கை, இந்தச் செலவைத் தனி முதலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2018 நவம்பரில் ஏழு வாரச் சம்பளத்தை அரசே திருப்பித் தரலாம் என்று தொழிலாளர் அமைச்சகம் ஒரு யோசனையை வெளியிட்டது, அது யோசனையாகவே நின்றது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பழைய ஏற்பாட்டையே வைத்திருக்கிறது.

என்னிடம் ஒரே ஒரு சட்டத் திருத்தம் கேட்கச் சொன்னால், இயக்குநர் குழுவில் இரண்டாவது பெண்ணைக் கேட்க மாட்டேன். மகப்பேறு ஊதியத்தை எல்லா அடுக்குக்கும் பொது நிதியிலிருந்து கொடுங்கள், தந்தைக்கும் சில வாரங்கள் கட்டாயமாக்குங்கள் என்பேன். தந்தைக்கு விடுப்பு என்றதும் தனியார் துறையில் சிரிக்கிறார்கள். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் இருக்கிறது, அங்கே யாரும் சிரிக்கவில்லை.

தொழிற்சாலைகளைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு முழுமை ஆகாது. இந்தியாவில் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவில் வேலை செய்யக் கூடாது என்று தடுத்திருந்தது. அந்தப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. இரவு ஷிப்ட் பார்க்காதவர் சூப்பர்வைசர் ஆக முடியாது என்பதை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பின் அருமை தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் எத்தனை ஆண்டுகள் நீடிக்கிறார்கள்? 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 706 கோடி ரூபாய் செலவில் திறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, மத்திய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. உண்மை எதுவானாலும், நாம் கட்டியிருப்பது கல்யாணத்துக்கு முந்தைய வயதுக்கான விடுதிகள். அதே அளவில் காப்பகங்கள் கட்டியிருக்கிறோமா?

 

குடும்ப நிறுவனங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஊர்த் தொழில் பெரும்பாலும் குடும்பத் தொழில். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1989-இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது, அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டு. 2005-இல் மத்தியச் சட்டம் வந்தது. பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று சந்தேகத்துக்கு இடமின்றிச் சொன்னது. அடுத்த மாதமே, முருகப்பா குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில், மறைந்த எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம் இயக்குநராகக் கேட்டது வாக்கெடுப்புக்கு வந்தது. அணுசக்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 91 சதவீதத்துக்கு மேல் எதிர் வாக்கு விழுந்தது. பெண் என்பதால் மறுத்தார்கள் என்பது அவர் வாதம்.  2023-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. இந்தத் தகராறின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. பங்குப் பத்திரத்தில் மகளின் பெயர் ஏறுவதும் மேசையில் அவருக்கு இடம் கிடைப்பதும் வேறு வேறு என்பதை மட்டும் கவனியுங்கள். இதே சென்னையில் மல்லிகா சீனிவாசன் 1986-இல் தந்தை சிவசைலத்தின் டாஃபே நிறுவனத்தில் சேர்ந்தார். டிராக்டர் வியாபாரம் கிராமத்துக் களத்தில் நடப்பது, பெண்ணுக்கு ஒத்துவராது என்று ஒதுக்காமல் அவரைத் தொழிலுக்குள்ளேயே விட்டார்கள். 2005-இல் ஐஷரின் டிராக்டர் பிரிவை டாஃபே வாங்கியபோது அவர் அந்தத் தொழிலில் இருபது ஆண்டுகளை நெருங்கியிருந்தார்.

மாணவிகளே, உங்களுக்கு உபயோகமான ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 2022-23 நிதியாண்டிலிருந்து, சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் ஆண்டறிக்கையோடு பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு அறிக்கையையும் வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஆண், பெண் தனித்தனியாக எத்தனை பேர் வேலையை விட்டார்கள், இரு பாலாருக்கும் இடைநிலைச் சம்பளம் என்ன, மகப்பேறு விடுப்பிலிருந்து எத்தனை சதவீதம் பேர் திரும்பினார்கள், திரும்பியவர்களில் ஓராண்டு கழித்தும் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் அட்டவணையாக இருக்கும். முக்கிய நிர்வாகிகளில் பெண்கள் எத்தனை என்ற வரியை மட்டும் ஜாக்கிரதையாகப் பாருங்கள். சட்டப்படி கம்பெனி செயலரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. மூன்றில் ஒருவர் பெண் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த ஒருவர் பல இடங்களில் என்னைப் போல மினிட்ஸ் எழுதுபவர்தான்.

வளாக நேர்காணலின் முடிவில், “எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?” என்பார்கள். ஒன்றுமில்லை சார் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். விடுப்பு முடிந்து வந்தவர்களில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். லாப நட்டப் பொறுப்பில் எத்தனை பெண்கள், காப்பகம் எந்தக் கட்டடத்தில் என்று கேளுங்கள். எதிரே இருப்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால், அவர்கள் நிறுவனத்து அறிக்கையின் பக்க எண்ணை நீங்களே சொல்லுங்கள்.